ஸ்டா-லாக் டெர்மினல்: பழைய கேட்டமரனின் ஷ்ரௌட் மாற்ற வாங்கலாமா?

கேட்டமரன் என்னும் இரட்டை உடல் பாய்மரப் படகில், பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் வயர்தான் ஷ்ரௌட். அதன் முனையில் மாட்டும் இணைப்பு டெர்மினல். குழாயை வயரின் மேல் நசுக்கி இறுக்கும் ஸ்வேஜ் மெஷின் வேண்டாம், இரண்டு ஸ்பேனர் இருந்தால் வயரின் முனையை நாமே பூட்டிவிடலாம். ஸ்டா-லாக்கின் கவர்ச்சி இதுதான். 6, 7 மீட்டர் பழைய கேட்டமரனுக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் எல்லா முனைக்கும் போட்டுக் காசைக் கரைக்க வேண்டாம். கீழ் முனைகளுக்குப் போதும்.

ஸ்வேஜ் செய்த முனைகளில் முதலில் கெடுவது கீழ் முனைதான். வயர் வழியே வழியும் உப்புத் தண்ணீர் குழாயின் வாய்க்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். உள்ளே அரிப்பு பிடித்து, குழாய் நீளவாக்கில் மயிரிழை போல வெடிக்கும். இல்லையேல் வாயோரம் ஓர் இழை அறுந்து துருத்திக்கொண்டு நிற்கும். மேல் முனையின் வாய் கீழ்நோக்கி இருப்பதால் தண்ணீர் தேங்காது; அங்கே ஸ்வேஜே இருக்கட்டும். இதில் இன்னொரு வசதி: மேலே மட்டும் ஸ்வேஜ் செய்த வயரை 30 செ.மீ. கூடுதலாக வாங்கி, படகிலேயே அளந்து வெட்டிக்கொள்ளலாம்.

டெர்மினல் வாங்கும் முன் வயரின் தடிமனை முடிவு செய்யுங்கள். பழைய வயரை அளந்து அதையே வாங்குவது சரியல்ல. முன்னால் வைத்திருந்தவர் கைக்குக் கிடைத்ததை மாட்டியிருக்கலாம். ஒற்றை உடல் படகு காற்று வேகமாக அடித்தால் சாய்ந்து கொடுக்கும். கேட்டமரன் எளிதில் சாயாது, அவ்வளவும் ஷ்ரௌட்டில்தான் விழும். காற்றுப் பக்கத்து உடல் தண்ணீரை விட்டு எழும் நொடியில் இழுவை உச்சம். ஆட்களோடு சேர்த்து 700 கிலோ, இரு உடல்களின் நடுக்கோட்டு இடைவெளியில் பாதி 1.2 மீட்டர், பாய்மரத்திலிருந்து செயின்பிளேட் (ஷ்ரௌட்டின் கீழ் முனையைப் படகில் மாட்டும் உலோகத் தகடு) பக்கவாட்டில் அதே 1.2 மீட்டர் என்றால், ஒரு ஷ்ரௌட்டின் இழுவை ஏறக்குறைய படகின் எடையே, 710 கிலோ. இரண்டரை மடங்கு பாதுகாப்பு வைத்தால் 1,780. 316 ஸ்டெயின்லெஸ் 1×19 வயரில் (19 தனி இழைகளை முறுக்கியது) 4 மி.மீ. சுமார் 1,280 கிலோவில் அறும், 5 மி.மீ. சுமார் 2,000 தாங்கும். ஆக, 5. செயின்பிளேட் உள்ளே தள்ளியிருந்தால் இழுவை இன்னும் ஏறும். நெளிவு அதிகமுள்ள 7×19 வயரை (19 இழை கொண்ட 7 புரி) ஷ்ரௌட்டுக்குப் போடாதீர்கள். அது நீளும், பாய்மரம் ஆடும்.

4-லிருந்து 5-க்குப் போனால் டெர்மினலின் குறுக்காணியும் (பின்) தடிக்கும். பழைய செயின்பிளேட் துளையில் அது நுழையாது. துளையைப் பெரிதாக்கினால் ஓரத்து உலோகம் குறையும். டெர்மினலுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் வெர்னியரால் துளையை அளந்துவிடுங்கள்.

இனி பூட்டும் வேலை. வயரை டேப் சுற்றி, அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹாக்ஸாவால் நேராக அறுக்க வேண்டும். கட்டர் முனையை நசுக்கிவிடும். டெர்மினலின் சாக்கெட்டை (கூம்பை மூடிப் பூட்டும் மரைக்குழல்) முதலில் வயரில் கோர்த்துவிடுங்கள், மறந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும். வெளி இழை 12-ஐயும் பிரித்து, உள்ளே இருக்கும் 7 இழை மையத்தின் மேல் டெர்மினலோடு வரும் கூம்பைக் குறுகிய பக்கம் முன்னே போக ஏற்றுங்கள். மையம் கூம்பைத் தாண்டி 1.5 மி.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கட்டும். வெளி இழைகளை அதே முறுக்கில் சுற்றிலும் சமமாகப் படியவிட்டு, சாக்கெட்டை மேலே இழுங்கள்.

பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். கூம்பில் ஒரு பிளவு இருக்கும். ஏதாவது ஓர் இழை அதற்குள் விழுந்தால் கூம்பு இறுகாது, பிடி குறைந்துவிடும். இரண்டு இழை ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலும் அதே கதை. அதனால் டெர்மினலின் உடல் பாகத்துக்குள் ஃபார்மரைப் (இழை முனைகளை உள்நோக்கி வளைக்கும் சிறு துண்டு) போட்டு ஒருமுறை இறுக்கி, திரும்பக் கழற்றிப் பாருங்கள். 12 இழைகளும் உள்நோக்கி ஒரே மாதிரி வளைந்திருந்தால்தான் சரி. பிறகு உள்ளே கடல் சீலன்ட், மரையில் லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) இரண்டு சொட்டு, கடைசி இறுக்கம். ஸ்டெயின்லெஸ் மரை காய்ந்த நிலையில் சிக்கிக்கொள்ளும். கனமாகத் திரும்பினால் பலத்தைக் காட்டாமல் நிறுத்துங்கள். இழைகளை ஒழுங்குபடுத்தவே வராதவர்களுக்கு ஹாய்ன் நிறுவனத்தின் ஹை-மாட் டெர்மினல் எளிது; அதன் பள்ளம் வைத்த வளையம் ஒவ்வோர் இழையையும் அதனதன் இடத்தில் நிறுத்தும்.

நீளத்தை, டர்ன்பக்கிள் (வயரை இறுக்கும் திருகு) பாதி திறந்த நிலையில், வயரை இழுத்துப் பிடித்து, குறுக்காணி முதல் குறுக்காணி வரை அளக்க வேண்டும். பழைய இரண்டு ஷ்ரௌட்டும் ஒரே நீளத்தில் இருக்கும் என்று நம்பாதீர்கள். இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். இத்தகைய படகில் பாய்மரத்தைத் தாங்குவது மூன்றே வயர். நிறுத்தியபடியே ஒன்றைக் கழற்றினால் மரம் சாயும். கீழே இறக்கித்தான் செய்ய வேண்டும். இறக்கிய கையோடு, மரம் வளையாமல் அதன் மேலேயே கட்டியிருக்கும் டயமண்ட் வயரின் முனைகளையும் பார்த்துவிடுங்கள். டாகிள் (அசைந்து கொடுக்கும் மூட்டு இணைப்பு) இல்லாமல் டர்ன்பக்கிளை நேரே செயின்பிளேட்டில் மாட்டாதீர்கள், ஒவ்வோர் அலைக்கும் மரை வளைந்து வளைந்து களைத்துப்போகும்.

ஸ்வேஜைவிட விலை கூடுதல்தான். ஆனால் அடுத்த முறை வயர் மாற்றும்போது உடல் பாகமும் சாக்கெட்டும் நல்ல நிலையில் இருந்தால் திரும்பப் பயன்படும். புதிதாகக் கூம்பு மட்டும் வாங்கினால் போதும். அதை 1×19-க்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள், 7×19 கூம்பு வேறு.