குரோக்கோ கடல்நீர் வடிகட்டி: பழைய பெர்ட்ராமில் ஒரு பருவம்

நானும் நண்பர் ஒருவரும் பாதிப் பாதிப் பணம் போட்டு வாங்கிய படகு ஃபுளோரிடாவின் ஸ்டூவர்ட்டில் நிற்கிறது. பெர்ட்ராம் 31 என்ற மாடல், 1970களில் கட்டியது. டீசல் என்ஜின்கள் இரண்டும் பிற்பாடு யாரோ மாற்றியவை. மயில் மீன் பிடிக்கத்தான் வாங்கினோம். முதல் ஆண்டில் மீனைப் பார்த்த நேரத்தைவிடப் படகின் அடிவயிற்றுக்குள் தலைகீழாகத் தொங்கிய நேரம் அதிகம்.

வினை ஒரு கேட் வால்வில் இருந்தது. வலது என்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீர் வரும் வழியில், வீட்டுக் குழாய்க்குப் போடும் பித்தளை வால்வை எந்தப் புண்ணியவானோ பொருத்தியிருந்தார். மூடிப் பார்ப்போமே என்று திருகினேன். தண்டு முறிந்து சக்கரம் கையோடு வந்துவிட்டது. முறிந்த வாய் மஞ்சளாக இல்லை, வெந்த இறாலைப் போல இளஞ்சிவப்பாக இருந்தது. உப்புநீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிட்டால் மிஞ்சுவது இந்தச் சொத்தைச் செம்புதான். அதற்குக் கீழே ஒன்றரை அங்குல ஓட்டை, அப்புறம் கடல். ஒவ்வொரு வால்வின் அருகிலும், ஓட்டையை அடைக்கக் கூம்பு வடிவ மரக்கட்டையைக் கட்டித் தொங்கவிடுவது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

படகைக் கரையேற்றி இரண்டு பக்கமும் மாற்றினோம். அடியில் அகன்ற தட்டுள்ள குரோக்கோ வெண்கல வால்வு, அதே நிறுவனத்தின் ஏஆர்ஜி மாடல் வடிகட்டி, கம்பிச் சுருள் வைத்த ஹோஸ், ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளாம்ப். கம்பியில்லாத ஹோஸை வாங்காதீர்கள். பம்பு உறிஞ்சும்போது சப்பிப்போகும்.

வால்வில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம். ஓட்டைக்குள் நிற்கும் குழாயின் மரை நேரானது. கடையில் கிடைக்கும், உள்ளே உருண்டை சுழலும் சாதாரண ‘பால்’ வால்வின் மரை கூம்பானது. இரண்டும் சில சுற்று மட்டுமே பிடிக்கும், காலால் மிதித்தால் போதும், பிய்ந்துவிடும். அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சி, பொருத்திய வால்வு 500 பவுண்டு விசையை 30 விநாடி தாங்க வேண்டும் என்கிறது. தட்டு வைத்த வால்வில் மரையும் பொருந்துகிறது, பாரமும் படகின் உடம்புக்குப் போகிறது. கைப்பிடி குழாயோடு படுத்திருந்தால் திறப்பு, குறுக்கே நின்றால் மூடல். இருட்டில் தடவியே தெரிந்துகொள்ளலாம்.

வடிகட்டியின் அருமை ஜூன் மாதம் தெரிந்தது. மாஹி மாஹி மீன் மிதக்கும் பாசியின் நிழலில்தான் நிற்கும். ஆகவே பாசியை ஒட்டியே ஓட்டினோம். எங்கள் இராமநாதபுரக் கரையில் கட்டக்கோரை என்போமே, அதன் உறவுதான். அங்கே பாறையைப் பிடித்து வளரும். இங்கே மணி மணியான காற்றுப்பைகளோடு மைல்கணக்கில் மிதந்து வரும். வலது புகைக்குழாயின் சத்தம் முதலில் மாறியது. தண்ணீர் துப்பும் கொழகொழப்புப் போய், வறட்டு இருமல். வெப்பமுள் ஏறத் தொடங்குவதற்குள் என்ஜினை நிறுத்திவிட்டேன். என்ஜின் பெட்டியைத் திறந்து பார்த்தால் வடிகட்டியின் கண்ணாடி போன்ற உருளை முழுவதும் தேநீர் நிறம். வால்வை மூடி (இதை மறந்தால் கடல் உள்ளே வரும்), வடிகட்டி மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே குப்பையைப் பிடிக்கும் கூடையைத் தூக்கினேன். பாசிக்குள்ளிருந்து சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. கடலில் விட்டேன். பத்து நிமிடத்தில் மறுபடி ஓடினோம். பழைய அமைப்பில் எந்த இடத்தில் அடைப்பு என்று தேடுவதற்குள் பம்பின் ரப்பர் இறக்கை கருகியிருக்கும்.

குறை என் பேரில்தான். கூடை நேர்மேலே வர இடம் வேண்டும் என்று யோசிக்காமல், முதலில் என்ஜின் பெட்டியின் சட்டத்துக்கு அடியில் பொருத்திவிட்டேன். பாதி வந்து முட்டி நின்றது. திரும்ப அவிழ்த்து, ஹோஸை வெட்டி, ஒரு சனிக்கிழமை போயிற்று. உருளையைச் சோப்புநீரில் மட்டும் கழுவுங்கள். பக்கத்துப் படகுக்காரர் தின்னர் போட்டுத் துடைத்தார். இப்போது அவருடைய உருளையில் முடிமுடியாக வெடிப்பு.

விலை கசக்கும், மறைப்பதற்கில்லை. நண்பர் ரசீதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. ஜூன் பயணத்துக்குப் பிறகு, மூடியின் உபரி வளையங்களை அவரே வாங்கிவந்து கருவிப்பெட்டியில் போட்டுவைத்தார்.