டிஏபி மூட்டையோடு தலையில் கட்டும் ‘வறட்சி டானிக்’: தரிசு உளுந்துக்காரர்கள் கவனிக்க

மன்னார்குடி பக்கம் டிஏபி உரம் கேட்டுப் போனவர்களுக்கு, கூடவே ஒரு கறுப்புத் திரவத்தை எடுத்தால்தான் மூட்டை என்றார்கள். அதை அடித்தால், நெல்லுக்குப் பின் தரிசில் வளரும் உளுந்து வறட்சி தாங்குமாம். தெளிப்பான் டேங்குக்கு 100 மில்லி, பில் கிடையாது.

வாங்கினோம், பூ எடுக்கும் சமயம் அடித்தோம். ஐந்தாம் நாள் செடி விறுவிறுவென்று எழும்பியது; பார்க்க அழகுதான். பத்தாம் நாள் கணுவுக்குக் கணு ஒரு விரல் நீளம், இலை வெளிறல், நுனி கொடியாக ஓடல், பூவெல்லாம் தரையில்.

ஜிப்ரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி அளவு மீறினால் செடி இப்படித்தான் நெட்டையாகும். நாற்றங்காலில் நெல்லை வெளிறி நெட்டையாக்கும் நோய்ப் பூஞ்சையிலிருந்துதான் ஜப்பானில் இதை முதலில் கண்டார்கள். தரிசு உளுந்துக்குச் சொத்தே தாளடி நெல் விட்டுப்போன ஈரமும் பனியும். தழை பெருத்தால் அந்த ஈரம் சீக்கிரம் தீர்ந்து, காய் பிடிக்கும்போது வயல் வெடித்துக் கிடக்கும்.

வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை வேறு: பூப்பதற்குச் சற்று முன் ஒரு முறை, 15 நாள் கழித்து இன்னொரு முறை, லிட்டருக்கு என்.ஏ.ஏ. (நாப்தலீன் அசிட்டிக் அமிலம், பூ உதிராமல் காக்கும் ஊக்கி) 40 மில்லிகிராம், சாலிசிலிக் அமிலம் 100 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் 4.5 சத என்.ஏ.ஏ. என்றால் 10 லிட்டர் டேங்குக்கு 9 மில்லிதான். 100 மில்லி என்ற இடத்திலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். சாலிசிலிக் 1 கிராம்; பச்சைத் தண்ணீரில் தூவினால் மேலே மிதந்து விசைத்தெளிப்பானின் மூக்கை அடைக்கும், முதலில் கொஞ்சம் வெந்நீரில் கரையுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். என்.ஏ.ஏ.வும் சொன்ன அளவைத் தாண்டினால் இலை சுருண்டு பூ கொட்டும்.

லேபிளைத் திருப்பிப் பாருங்கள். வளர்ச்சி ஊக்கி 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் வருவது: பதிவு எண், மருந்தின் பெயர், சதவீதம், நச்சு அளவைக் காட்டும் வண்ணச் சாய்சதுரம் இருக்கும். கடல்பாசி, அமினோ வகையறா 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள். எங்களிடம் விற்றதில் இந்த இரண்டு வகை விவரமும் இல்லை, ‘இயற்கை என்சைம்’ என்று மட்டும்.

பேட்ச் எண்ணோடு பில் வாங்கி, உடைக்காத ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு வட்டார வேளாண் அலுவலரிடம் போங்கள். கடையில் இருக்கும் அதே பேட்சில் அவர்தான் மாதிரி எடுக்க வேண்டும். நெட்டையான செடியை ‘அடக்க’ இன்னொரு பாட்டில் தருகிறேன் என்கிறார் அதே கடைக்காரர். வாங்காதீர்கள், நீண்ட கணு சுருங்காது.