வீடு விற்க ஒரு காணொளி, ஒரு பக்கம்: பாடாங் செராய் வட்டாரத்தில் பல ஆண்டுப் பயன்பாடு சொல்வது

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய், லுனாஸ், கூலிம் பக்கம் பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளை விற்கிறவர்கள் இப்போது இரண்டைக் கையில் எடுக்கிறார்கள். ஒன்று, கைப்பேசியில் எடுத்த காணொளி. இன்னொன்று, அந்த ஒரு வீட்டுக்கென்றே திறந்த இணையப் பக்கம். பல ஆண்டு பயன்படுத்திப் பார்த்ததில் தெரிவது இதுதான்: காணொளி வீட்டை விற்றுத் தராது. வேண்டாத ஆட்களைக் குறைக்கும். நேரில் வந்து, "அட, பின்னால இடமே இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறவர், வீட்டிலிருந்தே அதைப் பார்த்துவிட்டு வராமல் இருந்துவிடுவார்.

இந்த வட்டாரத்தில் அது சின்ன லாபம் இல்லை. கெடாவில் அரசு விடுமுறை வெள்ளி, சனி. மாநில எல்லை தாண்டினால் பினாங்கில் சனி, ஞாயிறு. வாங்குபவர் பினாங்கிலும் விற்பவர் கெடாவிலும் இருந்தால் இருவருக்கும் பொதுவாக வாய்ப்பது சனிக்கிழமை மட்டும். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு அதுவும் உறுதியில்லை. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ வேலை செய்துகொண்டு, தோட்டத்தில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வீடு தேடும் பிள்ளைகள் ஒரே பயணத்தில் நாலைந்து வீடு பார்த்துவிட நினைப்பார்கள். அவர்களுடைய பட்டியலில் நம் வீடு ஏறுவதா வேண்டாமா என்பதைக் காணொளிதான் தீர்மானிக்கிறது.

எடுக்கும் விதம்

பெரிய கேமரா தேவையில்லை. 1080 பி தரத்தில் எடுக்கும் கைப்பேசி, ஒரு முக்காலி, நடக்கும்போது ஆட்டம் தெரியாமல் இருக்க ஒரு கிம்பல் போதும். கிம்பல் இல்லாவிட்டால் நடக்கவே வேண்டாம். அறை மூலையில் நின்று, நெஞ்சு உயரத்தில் பிடித்து, ஏழெட்டு நொடி அசையாமல் எடுத்து அடுத்த இடத்துக்குப் போவதே மேல். ஆடி ஆடி நடந்து எடுத்த காணொளியைப் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும், வீடு தெரியாது.

அடிக்கடி கெடுவது விளக்கு வெளிச்சத்தில்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும், கண்ணுக்குத் தெரியாது. கைப்பேசியோ பெரும்பாலும் நொடிக்கு 30 பிரேமில் வைத்து விற்கப்படுகிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் சுவரில் கருப்புப் பட்டைகள் மெல்ல ஊர்ந்து ஏறும். இதை எடிட்டிங்கில் சரி செய்வது பெரும்பாடு. எடுக்கும்போதே 25 பிரேமுக்கு மாற்றி, ஷட்டரை (ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி விழும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்துவிட வேண்டும். ஐபோனில் கேமரா அமைப்புக்குள் 'PAL' வடிவங்களைக் காட்டச் சொன்னால் 25 பிரேம் வரும். ஆண்ட்ராய்டில் 'ப்ரோ வீடியோ' பகுதியில் ஷட்டர் இருக்கும். அது இல்லாத கைப்பேசி என்றால் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். மின்விசிறியையும் நிறுத்துங்கள், இறக்கை விட்டுவிட்டுத் தெரியும், காற்றுச் சத்தம் பேச்சை மறைக்கும்.

நேரம் முக்கியம். உச்சி வெயிலில் கார் நிறுத்தும் போர்ச் இருட்டுக் குகை மாதிரி விழும். கிழக்கு பார்த்த வீட்டை ஒன்பது மணியிலிருந்து பத்தரைக்குள் எடுக்கலாம், மேற்கு பார்த்ததை மாலை நாலரைக்கு மேல். ஹாலை எடுக்கும்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிட வேண்டும். பூட்டாவிட்டால் ஜன்னல் கண்ணில் பட்டதும் அறை முழுக்க இருண்டுவிடும்.

கைப்பேசியின் 0.5 அகல லென்ஸைத் தொடாதீர்கள். பத்தடி அறை பதினைந்தடி போலத் தெரியும். பார்த்துவிட்டு வந்தவர் வாசலில் நிற்கும்போதே முகம் மாறும். அதற்குப் பிறகு எந்த விலையைச் சொன்னாலும் அவருக்கு நம்பிக்கை வராது. குளியலறைக்கு மட்டும் வேறு வழியில்லை, அங்கே பயன்படுத்தலாம்.

எடுக்கும் வரிசைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் லோரோங்கின் (வீடு இருக்கும் சந்தின்) இரு முனையிலிருந்தும் தெரு. பக்கத்து வீட்டார் எத்தனை கார் வைத்திருக்கிறார்கள், தெருவில் நிறுத்த இடமுண்டா என்று வாங்குபவர் பார்ப்பது அதைத்தான். பிறகு கேட், போர்ச், ஹால், அறைகள், குசினி (சமையலறை), பின்னால் இழுத்துக் கட்டிய பகுதி, பின் சந்து. கூரை ஓரத்தில் நீர் கசிந்த கறை இருந்தால் அதையும் மூன்று நொடி காட்டுங்கள். கறையை மறைத்து எடுத்த காணொளிக்கு வரும் கூட்டத்தைவிட, காட்டி எடுத்ததற்கு வரும் நாலு பேர் மேல்.

தண்ணீர் அழுத்தத்தைக் காட்டுவதாக நினைத்துப் பலரும் மாடிக் குளியலறைக் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். அது கூரைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர். எந்த வீட்டிலும் ஓரளவு வரும். வெளியிலிருந்து வரும் அழுத்தம் தெரிய வேண்டுமானால் போர்ச்சில் உள்ள குழாயையோ குசினிக் குழாயையோ திறக்க வேண்டும்; வழக்கமாக அவைதான் நேரே பிரதான குழாயோடு சேர்ந்திருக்கும். காலை ஏழு மணிக்கு, எல்லா வீட்டிலும் தண்ணீர் ஓடும் நேரத்தில், 10 லிட்டர் வாளியை வைத்து நிறையும்வரை வெட்டாமல் எடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நிறையாவிட்டால் அந்த நேரத்தையும் தொட்டியின் கொள்ளளவையும் பக்கத்தில் எழுதிவிடலாம்.

வாசல் எந்தத் திசை என்று நம்மவர்கள் முதல் கேள்வியாகவே கேட்பார்கள். கைப்பேசித் திசைகாட்டியை இரும்பு கிரில் அருகிலோ காருக்குப் பக்கத்திலோ வைத்தால் தவறாகக் காட்டும். தெருவில் நாலைந்து மீட்டர் தள்ளி நின்று, வாசலைப் பார்த்து ஒரு முறையும் அதற்கு முதுகு காட்டி ஒரு முறையும் பாருங்கள். இரண்டுக்கும் 180 பாகை வித்தியாசம் வராவிட்டால் அந்த இடத்து அளவை நம்பக்கூடாது. சாமி மேடை இருக்கும் இடத்தைக் காட்டலாம், படங்களைக் காட்ட வேண்டாம்.

பேச்சைப் படம் எடுக்கும்போதே பதியாமல், துணி நிறைந்த அலமாரியுள்ள அறையில் தனியாகப் பதிவது நல்லது, எதிரொலி இருக்காது. பேச்சு தனியாக இருந்தால் ஒரே படத்துக்குத் தமிழில் ஒரு குரல், மலாயில் ஒரு குரல் என இரண்டு வைத்துக்கொள்ளலாம். சினிமாப் பாட்டு வேண்டாம். யூடியூப் உரிமைப் பிரச்சினை எழுப்பும், சில நேரம் ஒலியையே முடக்கிவிடும். யூடியூப்பின் இலவச இசைத் தொகுப்பு இருக்கிறது. அதுவும் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

முழுக் காணொளி இரண்டு நிமிடம் தாண்ட வேண்டாம். முகநூல் மார்க்கெட்பிளேசுக்கும் டிக்டாக்குக்கும் முப்பது நொடி செங்குத்து வடிவம் தனியாக வேண்டும். கிடைமட்டத்தில் எடுத்ததை வெட்டிச் செங்குத்தாக்கினால் அறையில் பாதி போய்விடும். தெரு, ஹால், குசினி மூன்றையும் இரண்டு முறை எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரோன் தேவையா? மாடி டெரஸ் (வரிசை) வீட்டை மேலிருந்து எடுத்தால் தெரிவது கூரை ஓடுகளும் தண்ணீர்த் தொட்டியும்தான். அதோடு பறக்கவிட விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள், வான்படத்துக்கு நில அளவைத் துறையின் அனுமதி என்று இரண்டு பக்கம் அலைய வேண்டும். கால் ஏக்கர் பழத்தோட்டத்தோடு உள்ள வீடு என்றால் யோசிக்கலாம்.

பக்கம் எதற்கு?

காணொளியில் சொல்ல முடியாதது நிறைய. அதற்குத்தான் பக்கம். கூகுள் சைட்ஸ், பிளாகர் இரண்டும் இலவசம், இரண்டுமே போதும். தேடலில் முதலிடம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே வீட்டுக்கான பக்கத்துக்கு அந்த வலு கிடையாது. ஆட்கள் வருவது புலன (வாட்ஸ்அப்) குழுக்கள் வழியாக. அதனால் இணைப்பை அனுப்பும்போது தோன்றும் முன்னோட்டப் படமும் தலைப்பு வரியும்தான் பக்கத்தின் முகம். தலைப்பில் "கனவு இல்லம்" வேண்டாம். தாமான் பெயர், வீட்டு வகை, நிலத்தின் அளவு, விலை. மலாயில் ஒரு வரி சேர்த்தால் தமிழ் தெரியாதவரும் நிற்பார். படங்களின் நீள விளிம்பு 1600 பிக்சல், ஒவ்வொன்றும் 300 கிலோபைட்டுக்குள். அதற்கு மேல் போனால் தோட்டப் பக்கத்து அலைவரிசையில் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார்.

புலனத் தொடர்புப் பொத்தானில் எண்ணை 60 என்று தொடங்கி, முன்னால் உள்ள சுழியத்தை விட்டுவிட வேண்டும். இதில் தவறினால் பொத்தான் எங்கும் போகாது. பார்க்கிறவர் சொல்லவும் மாட்டார், அடுத்த வீட்டுக்குப் போவார்.

எழுத வேண்டியவற்றில் முதலிடம் நில உரிமைப் பத்திரமான கெரானுக்கு. நிரந்தர உரிமையா, குத்தகையா. குத்தகை என்றால் எத்தனை ஆண்டு மிச்சம். மலாய்க்காரருக்கென ஒதுக்கிய நிலமா, பூமிபுத்ராவினருக்கென (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) ஒதுக்கிய லாட்டா. உரிமை மாற்ற மாநில அரசின் ஒப்புதல் தேவை என்ற தடை கெரானில் எழுதியிருக்கிறதா. குறைந்த விலை வீடுகளில் இது சாதாரணம், பல மாதம் இழுக்கும். இதையெல்லாம் மூன்றாவது சந்திப்பில் சொன்னால் முன்பணம் கொடுத்தவர் சண்டைக்கு வருவார். கெரானில் பரப்பு சதுர மீட்டரில் இருக்கும். 10.764 ஆல் பெருக்கினால் சதுர அடி: 130 சதுர மீட்டர் என்பது 20க்கு 70 அடி லாட்டின் 1,400 சதுர அடி. பின்னால் இழுத்துக் கட்டிய குசினியை நிலப் பரப்போடு சேர்த்துக் குழப்பாதீர்கள். அதற்கு நகராண்மைக் கழக அனுமதி உண்டா என்று தனியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் வங்கி மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம்.

விலையை எழுதாமல் "நேரில் பேசலாம்" என்று போடுவது இங்கே எடுபடவில்லை. கேட்கிறவர் கூட்டம் வரும், வாங்குகிறவர் வரமாட்டார். 90 விழுக்காட்டுக் கடன் என்று வங்கி சொல்வது விலை, மதிப்பீடு இரண்டில் குறைந்ததற்குத்தான். 3 லட்சம் வெள்ளி கேட்டு, மதிப்பீடு 2 லட்சத்து 70 ஆயிரம் வந்தால், கடன் 2 லட்சத்து 43 ஆயிரம். மீதி 57 ஆயிரத்தையும் வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டும். எவ்வளவு அழகான காணொளியும் இந்தப் பள்ளத்தை மூடாது.

பின்னால் செம்பனை தெரிந்தால் "என்றும் பசுமை" என்று எழுத ஆசை வரும். அது இன்னொருவர் நிலம். இந்தப் பக்கம் தோட்டங்கள் தாமானாக மாறுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நகராண்மைக் கழகத்தின் உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் அந்த நிலம் எதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அருகில் ரப்பர் ஆலை இருந்து காற்று வீசும் நேரத்தில் வாடை வந்தால், அதையும் ஒரு வரி.

பாதுகாப்பு

வீட்டு எண் வேண்டாம். வரைபடக் குறியைத் தாமான் நுழைவாயிலில் வைத்தால் போதும். "காலி வீடு, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்று எழுதுவது செம்புக் கம்பி திருடுகிறவனுக்கு அழைப்பு. கைப்பேசிப் படங்களில் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், பதிவேற்றும் முன் நீக்குங்கள். பூட்டின் நெருக்கப் படம், கார் எண், பிள்ளைகளின் பள்ளிச் சட்டை எதுவும் வரக்கூடாது. நம் காணொளியை எடுத்து, அதே வீட்டை மலிவு வாடகைக்கு விடுவதாகப் போட்டு முன்பணம் கறக்கும் கும்பலும் உண்டு. தொடர்பு எண்ணையும் "விற்பனைக்கு மட்டும்" என்பதையும் ஓரத்தில் போடாமல் படத்தின் நடுவே மெல்லிய எழுத்தில் போட்டால் வெட்டி எடுக்க முடியாது. குரலிலும் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

உரிமையாளர் தாமே விளம்பரம் செய்யலாம். மற்றவர் வீட்டைக் கமிஷனுக்கு விற்பது வேறு விஷயம். 1981ஆம் ஆண்டின் 242ஆவது சட்டப்படி பதிவு பெற்ற முகவர் நிறுவனமும், அதன் கீழுள்ள 'ரென்' (REN, சொத்து விற்பனைப் பேச்சாளர்) எண் பெற்றவரும்தான் செய்யலாம். அவர்கள் போடும் பக்கத்தில் நிறுவனப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். கட்டணத்தின் உச்ச வரம்பு விற்பனை விலையில் 3 விழுக்காடு. காப்பிக் கடை புரோக்கர் அண்ணன் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் சட்டம் அவர் பக்கம் இல்லை.

முன்பணமாக 2 அல்லது 3 விழுக்காடு வந்த அன்றே "விற்றாகிவிட்டது" என்று போடாதீர்கள். கடன் மறுக்கப்பட்டு ஆள் விலகுவது சாதாரணம். "பேச்சுவார்த்தையில்" என்று மாற்றி, அடுத்து கேட்பவர்களின் எண்களைக் குறித்து வையுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி 10 விழுக்காடும் கட்டிய பிறகு "விற்கப்பட்டது". சாவி கைமாறும் நாளில் உள் அறைப் படங்களை எடுத்துவிட்டு, யூடியூப் காணொளியைத் தனிப்பட்டதாக மாற்ற வேண்டும்; அது இனி வேறொருவர் வீடு. மார்க்கெட்பிளேஸ், டிக்டாக், குழுக்களில் போட்ட பிரதிகளை மறந்துவிடுகிறார்கள், அதனால் புது வீட்டுக்காரர் வாசலில் மாதக்கணக்கில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். எங்கெங்கே போட்டோம் என்று முதல் நாளிலிருந்தே ஒரு பட்டியல் வைத்திருந்தால் அன்றைக்கு அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் இறக்கிவிடலாம்.