தினமும் இருபது நிமிடம்: மன்னிப்புத் தியானத்தோடு இரண்டு வருடம்

தங்கை ஒரு நெருக்கடியில் என்னிடம் உதவி கேட்டு வந்தபோது, நாலு பேர் முன்னால் கடுமையாகப் பேசி அனுப்பிவிட்டேன். அந்தப் பாரத்தோடுதான் இந்த ஒலிப்பதிவுத் தியானத்தைக் கேட்க ஆரம்பித்தேன். இருபது நிமிடம். ஒரு மெல்லிய குரல் ஜெபத்தில் தொடங்கி, அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்க வைத்து, "உன்னை நீ மன்னித்துவிடு" என்று முடிக்கும்.

முதல் சில வாரங்கள் நன்றாகத் தூங்கினேன், அவ்வளவுதான். "என்னை நான் மன்னிக்கிறேன்" என்று சொல்லச் சொல்லும் இடம் மட்டும் ஒட்டவே இல்லை. என் விடுப்புக் கடிதத்தில் நானே கையெழுத்துப் போட்டுக்கொள்வது போல இருந்தது.

இந்தத் தியானத்தின் அமைப்பு இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரிடமிருந்து வந்தது என்று தெரிந்ததும் அவர் எழுதியதைத் தேடிப் படித்தேன். 1548-இல் அச்சான அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் இதற்கு ஐந்து படிகள் இருக்கின்றன: நன்றி சொல்வது, தன் பாவத்தை அறிய அருள் கேட்பது, அன்றைய நாளை மணிக்கு மணி ஆராய்வது, கடவுளிடம் மன்னிப்புக் கேட்பது, அவர் அருளால் திருந்தத் தீர்மானிப்பது. உன்னை நீயே மன்னித்துக்கொள் என்று ஒரு படி அதில் இல்லை. எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. மன்னிப்பை நான் உண்டாக்க வேண்டியதில்லை, கொடுக்கப்பட்டதை வாங்கிக்கொண்டால் போதும். நம் மனம் நம்மைக் குற்றவாளி என்று தீர்த்தாலும் கடவுள் நம் மனத்தைவிடப் பெரியவர் என்று யோவானின் முதல் கடிதம் (3:20) சொல்வதும் அதற்குப் பிறகுதான் எனக்குள் இறங்கியது.

ஒலிப்பதிவில் மிகச் சிறந்த பகுதி, யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரக் கடற்கரைக் காட்சி. சீடர் பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில். உயிர்த்த இயேசு அவருக்குக் காலை உணவு தயார் செய்து வைத்திருப்பதும் கரிநெருப்பில்தான். புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. "ஏன் மறுதலித்தாய்?" என்று ஆண்டவர் கேட்கவே இல்லை. அன்பு செய்கிறாயா என்று மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் ஒரு வேலையைக் கொடுக்கிறார். எத்தனையோ இரவு இந்த இடத்தில் அழுதிருக்கிறேன்.

குறைகளும் உண்டு. யோசிக்க விடும் மௌனம் ஒரு நிமிடம்கூட இல்லை. நான் அங்கே நிறுத்திவைத்துவிட்டு, மனம் அடங்கிய பிறகு தொடர்கிறேன். அதைவிடப் பெரிய குறை, என்னால் காயப்பட்டவரைப் பற்றி அந்தக் குரல் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரரோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது (மத்தேயு 5:23-24) இதற்குள் வந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நடுவில் இரண்டு மாதம் எனக்கு இது தப்பாகப் போனது. ஒவ்வொரு இரவும் சின்னச் சின்னத் தவறுகளைக்கூடத் தோண்டித் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். பங்குத்தந்தையிடம் சொன்னேன். கொஞ்ச நாள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு நன்றி சொல்லும் பகுதியோடு நிறுத்திக்கொள் என்றார். இஞ்ஞாசியாரே ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் இருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடி மறுபடி நினைத்து, உயிரை விடும் எண்ணம் வரும் அளவுக்குத் தவித்தவர். குற்ற உணர்வு ஏற்கெனவே நசுக்கிக்கொண்டிருப்பவர்கள் தனியாக இதைச் செய்யாதீர்கள். கூட ஒருவர் இருக்கட்டும், தேவைப்பட்டால் மருத்துவரும்.

சரி, தங்கை விஷயம். ஒன்றரை வருடம் கேட்ட பிறகு ஒருநாள் அவளை அழைத்து, செய்தது தப்பு என்று காரணம் எதுவும் சொல்லாமல் ஒத்துக்கொண்டேன். "யோசிக்க நேரம் கொடு அண்ணா" என்றாள். இப்போது எப்போதாவது பேசுகிறாள். நான் இன்னும் வாரத்தில் நாலு நாள் கேட்கிறேன். அந்தக் கடைசி வரி வரும்போது மட்டும் நிறுத்திவிட்டு, இஞ்ஞாசியார் சொன்னபடி கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லி முடிக்கிறேன்.