நாலு நாள் கணக்கெடுப்பா, நாலு மாத ஆய்வா? காட்டு வேலைக்குள் நுழையும் வழிகள்

மார்ச் பிறந்தால் போதும், விலங்கியலும் வனவியலும் படிக்கிற பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்வி வரும்: "அண்ணா, முதுமலையில இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?" கிடைக்கும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் போய் இரண்டு மாத விடுமுறையை வீணடித்தவர்களில் நானும் ஒருவன்.

முதலில் சட்டம். கிண்டி, மன்னார் வளைகுடா, முதுமலை, முக்குர்த்தி, ஆனைமலையில் உள்ள இந்திரா காந்தி பூங்கா என்று தமிழ்நாட்டில் தேசியப் பூங்காக்கள் ஐந்து. இவற்றுக்குள் ஆய்வுக்காகக் கால் வைக்க வேண்டுமென்றால், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 28-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். என்ன ஆய்வு, எந்த இடம், எத்தனை நாள், எத்தனை பேர் எல்லாம் எழுதிக் கொடுத்து, அந்தக் காகிதம் மேலும் கீழும் போய் வருவதற்குள் உங்கள் கோடை விடுமுறை முடிந்துவிடும். அதனால் மாணவர் யாரும் தனியாகக் காட்டுக்குள் போவதில்லை. ஏற்கெனவே அனுமதி வைத்திருக்கிற யாரோ ஒருவர் பின்னால்தான் போகிறோம். யார் பின்னால் போகிறோம், எத்தனை நாள் என்பதில்தான் வித்தியாசமே.

எளிதில் கிடைப்பது வனத்துறையின் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேர்வது. மே மாதம் யானைக் கணக்கெடுப்பு நடந்தால் கல்லூரி விடுமுறைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுத் தொடக்கத்தில் வரும், அதற்குப் பெரிதாக அனுபவம் கேட்பதில்லை. நாலாண்டுக்கு ஒருமுறை நடக்கும் புலிக் கணக்கெடுப்பு பெரும்பாலும் குளிர்காலத்தில், செமஸ்டர் நடுவில் வந்து நிற்கும். வரையாட்டுக் கணக்கெடுப்புக்கு நல்ல முழங்கால் வேண்டும். 2024-ல் 1,031 என்றும் 2025-ல் 1,303 என்றும் வந்த வரையாட்டு எண்ணிக்கைக்குப் பின்னால், மேகம் விலகும்வரை பாறை மேல் குந்தியிருந்த ஆட்கள் பலர் உண்டு.

செலவு அதிகமில்லை, சாப்பாடும் தங்குமிடமும் பெரும்பாலும் துறையே பார்த்துக்கொள்ளும். அப்புறம் நாலே நாளில் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலருடன் நடக்கக் கிடைக்கிறதே, அதை எந்த வகுப்பிலும் கற்றுத்தர முடியாது. என் முதல் யானைக் கணக்கெடுப்பில் இரண்டாம் நாள் டிரான்செக்ட் வேலை. இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டில் நடந்து, கண்ணில் படுகிற ஒவ்வொரு சாணிக் குவியலுக்கும் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று செங்குத்தாக டேப் பிடித்து எழுத வேண்டும். நான் டேப்பும் பேடுமாகக் குனிந்திருக்கிறேன். முன்னால் போன காவலர் அண்ணன் கையை மட்டும் பின்னால் காட்டினார். "தம்பி, நில்லுங்க. வாசம் வருது." எனக்கு உண்ணிச்செடி வாசம்தான் வந்தது. ஐந்து நிமிடம் கழித்து, நாங்கள் போகவிருந்த புதருக்குள்ளிருந்து ஒரு பெண் யானை குட்டியோடு நிதானமாகக் குறுக்கே போனது. அந்த அண்ணன் பத்தாவது தாண்டவில்லை. அன்றைக்கு எனக்கு வாத்தியார் அவர்தான்.

ஆனால் இதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். நாலு நாளில் நீங்கள் எழுதிய படிவம் துறைக்குப் போய்விடும், அந்தத் தரவில் உங்களுக்கு உரிமை கிடையாது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இது ஒரு வரி, அவ்வளவுதான்.

பல்கலைக்கழக ஆய்வு இதற்கு நேர் எதிர். ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை ஏவிசி கல்லூரியிலும் வன உயிரியல் முதுகலை படிப்பவர்களுக்கும், மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இது பாடத்திட்டத்தோடு வருகிறது. மற்றவர்கள் கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் ஆய்வு மையம் மாதிரியான இடங்களில், ஏற்கெனவே நடக்கிற திட்டத்துக்குள் ஒரு சிறு கேள்வியை எடுத்துக்கொண்டு சேரலாம். கடல் பக்கம் ஆசை என்றால் தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டும் கடற்புல்லும் அவர்கள் வேலை.

நாலு மாதம் ஒரே பாதையில் நடந்தால் காடு வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். பிப்ரவரியில் பார்த்த இடம் ஏப்ரலில் சருகும் தீத்தடமுமாக மாறியிருக்கும். விலங்கு கடக்கும்போது தானாகவே படமெடுக்க மரத்தில் கட்டிவைக்கிற கேமரா ட்ராப்புகளில் எதை யானை பிடுங்கும் என்று ஊகிக்க வரும். மேற்கொண்டு படிக்கப் போகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். டேராடூன் வன உயிரின நிறுவனத்திலோ பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையமான என்சிபிஎஸ்ஸிலோ வன உயிரியல் முதுகலைக்கு நேர்முகம் போனால், என்ன பார்த்தாய் என்பதோடு விட மாட்டார்கள், எப்படி எண்ணினாய், ஏன் அப்படி எண்ணினாய் என்று குடைவார்கள். நாலு நாள் போனவனுக்கு அங்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கஷ்டம் பணம்தான். உதவித்தொகை பெரும்பாலும் இருக்காது. அறை வாடகை, மெஸ், பேருந்து எல்லாம் வீட்டிலிருந்து. வசதியில்லாத பிள்ளைகளை இந்த வழி சத்தமில்லாமல் வடிகட்டி விடுகிறது, இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. "பெண்ணைக் காட்டுக்குத் தனியா எப்படி அனுப்புறது" என்று கையெழுத்துப் போடத் தயங்கும் துறைத் தலைவர்கள் இன்னொரு வடிகட்டி. சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டியது ஒன்று உண்டு: தரவு யாருடையது, கட்டுரை வந்தால் என் பெயர் வருமா? கூச்சப்பட்டால் பிறகு புலம்ப வேண்டியதுதான்.

மூன்றாவது, தொண்டு நிறுவனங்கள். இங்கே பலர் கவனிக்காத ஒரு சௌகரியம் இருக்கிறது. வால்பாறை மேட்டுநிலத்தில் பெரும்பகுதி தேயிலை, காப்பித் தோட்டங்கள். சுற்றிலும்தான் ஆனைமலைப் புலிகள் காப்பகம். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் அங்கே தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கிற மழைக்காட்டுத் துண்டுகளைச் சீரமைக்கிறது, யானை நடமாட்டத்தைக் கைப்பேசியிலும் சிவப்பு விளக்கிலும் மக்களுக்குத் தெரியப்படுத்தும் ஏற்பாட்டைச் செய்தது. தோட்டத்து நிலத்தில் வேலை என்றால் பூங்காவுக்கான 28-ஆம் பிரிவு அனுமதிக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. நாற்றங்காலில் பை நிரப்புகிற வேலையும் வரும், அட்டைக் கடியும் வரும். "நான் புலி பார்க்க வந்தேன்" என்பவர்களுக்கு ஏமாற்றம்தான். மனிதர்களோடு பேசத் தெரிந்தவர்களுக்கு ஆய்வு நிலையத்தைவிட இது பொருந்தும்.

இன்டர்ன்ஷிப் என்ற இதே பெயரில் காசு வாங்கிக்கொண்டு நடத்துகிற முகாம்கள் தனி ரகம். முதலில் சொன்னேனே, வீணடித்தேன் என்று, அது இங்கேதான். பத்து நாள், காப்பகத்துக்கு வெளியே ஒரு ரிசார்ட், இரண்டு ஜீப் சவாரி, கடைசியில் புலிப்படம் போட்ட சான்றிதழ். அதை இதுவரை எந்த நேர்முகத்திலும் ஒருவரும் வாங்கிப் பார்த்ததில்லை. உங்களைக் காட்டுக்குள் அழைத்துப் போகும் அனுமதி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சம்பளம்? திட்ட உதவியாளராகவோ ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆய்வாளராகவோ சேர்ந்தால்தான் கையில் காசு. தேசியத் தகுதித் தேர்வான நெட் தேறிய ஜேஆர்எஃப்புக்கு 2023-லிருந்து மாதத்துக்கு ₹37,000. நெட் இல்லாத வேலைகளில் இதைவிடக் குறையும், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும்.

அரசு வேலை தனிப் பாதை. பல மாணவர்கள் இங்கே குழம்புகிறார்கள். இந்திய வனப்பணிக்கு யுபிஎஸ்சி தேர்வு, அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதற்கும் 150 இடம் போல. வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்கள் 2024-ல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அறிவிப்பிலேயே வந்தன. எழுத்துத் தேர்வில் இன்டர்ன்ஷிப்புக்கு அரை மதிப்பெண்கூடக் கிடையாது. இந்திய வனப்பணித் தேர்வில் ஆண்கள் நாலு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும், அதற்கு வேண்டுமானால் டிரான்செக்ட் நடந்த கால் உதவும். ஆகவே அரசு வேலைதான் குறி என்றால் ஆறு மாத ஆய்வில் உட்காராதீர்கள். ஒரு கணக்கெடுப்புக்குப் போய், காக்கிச் சட்டைக்காரர்கள் இரவில் எப்படிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து புத்தகத்தைத் திறங்கள்.

மே கணக்கெடுப்புக்கு ஏப்ரலிலேயே மாவட்ட வன அலுவலகத்தில் விசாரிக்க ஆரம்பியுங்கள். துறைத் தலைவர் கடிதம், அடையாள அட்டை நகல் கையில் இருக்கட்டும். பச்சையோ பழுப்போ மங்கலான சட்டை, முழுக்கால் சட்டை, தேய்ந்து பழகிய ஷூ. சென்ட் மட்டும் அடித்துக்கொண்டு போகாதீர்கள், முன்னால் நடக்கிற அண்ணனுக்கு யானை வாசம் தெரிய வேண்டும்.