ராக்கெட் புகையில் எது மோசம்: திட எரிபொருளா, மண்ணெண்ணெயா, மீத்தேனா?

ராக்கெட் ஏவுதலால் சூழலுக்கு என்ன கேடு என்ற பேச்சு வந்தால், பலரும் முதலில் கரியமில வாயுவைத்தான் கணக்கிடுகிறார்கள். விமானப் போக்குவரத்துடன் ஒப்பிட்டால் அந்த அளவு சொற்பமே. ஆனால் ஓசோன் படலம் இருக்கும் உயரத்திலேயே ராக்கெட் புகையைக் கக்குகிறது. அங்கே அதைக் கழுவி இறக்க மழை கிடையாது. எனவே எவ்வளவு எரிகிறது என்பதைவிட எது எரிகிறது என்று பார்ப்பதே சரி.

ஓசோனுக்குப் பெரும் பகை திட எரிபொருள்தான். அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியத் தூளும் கலந்த இது, பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்தில் மட்டும் சுமார் 138 டன் இருக்கிறது. எரியும்போது வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடிலிருந்து பிரியும் குளோரின் ஓசோனைச் சிதைக்கிறது. அலுமினிய ஆக்சைடுத் துகள்கள் அதற்குத் துணைபோகின்றன. தரையும் தப்புவதில்லை. அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் புறப்பட்டபோது, ஏவுதளத்தில் பீய்ச்சிய நீருடன் இந்த வாயு கலந்து அமிலமாகி, அருகிலிருந்த ஆழமற்ற காயலில் சிறு மீன்கள் செத்து மிதந்தன. தூத்துக்குடி மாவட்டத்தில் அமையும் குலசேகரப்பட்டினம் ஏவுதளத்திலிருந்து பறக்கவிருக்கும் இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று முதன்மைக் கட்டங்களும் திட எரிபொருளில் இயங்குபவை. மொத்தமே 120 டன் எடையுள்ள சிறிய ராக்கெட் என்பது ஓரளவு ஆறுதல்.

அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9, சென்னையின் அக்னிகுல் நிறுவனத்தின் அக்னிபான் ஆகிய ராக்கெட்டுகள் சுத்திகரித்த மண்ணெண்ணெயையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கின்றன. இங்கே குளோரின் இல்லை; சிக்கல் கரித்துகள். சமையலறைச் சுவரில் படியும் அதே கரிதான், ஆனால் மேலே அது ஆண்டுக்கணக்கில் தங்கி வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. 2024இல் மட்டும் ஃபால்கன் 9 130 முறைக்கு மேல் பறந்திருப்பதால், இதை இனியும் சில்லறைக் கணக்காக ஒதுக்க முடியாது.

ஹைட்ரஜன் எரிந்தால் பெரும்பாலும் நீராவிதான். ஆனால் இன்று அந்த ஹைட்ரஜனில் பெரும்பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்தே எடுக்கப்படுவதால், அழுக்கு தொழிற்சாலையிலேயே தங்கிவிடுகிறது.

இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மீத்தேனைச் சொல்வேன். அதில் கரி குறைவு, குளோரின் இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: எரியாமல் கசியும் மீத்தேன், கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. ஏறத்தாழ 1,000 டன் மீத்தேனை நிரப்பிக்கொள்ளும் ஸ்பேஸ்எக்ஸின் ராட்சத ராக்கெட்டான ஸ்டார்ஷிப்பில் சிறு கசிவும் சிறிதல்ல. 2023 ஏப்ரலில் டெக்சாஸின் போகா சிக்காவில் அதன் முதல் முழுப் பறத்தலின்போது ஏவுமேடையின் கான்கிரீட் பெயர்ந்து, கடலோரப் பறவைகள் வாழும் நிலத்தில் சிதறி விழுந்தது. அதற்கு மீத்தேனைக் குறை சொல்ல முடியாது. எஞ்சின் கக்கும் தீயின் வெப்பத்தையும் தாக்கத்தையும் தணிக்கும் நீர்த்தெளிப்பு ஏற்பாடு அன்று அந்த மேடையில் இல்லை.