பெஜோ பி.எக்ஸ்-10: பழைய பிரெஞ்சுப் பந்தய சைக்கிளை இன்று வாங்கலாமா?

பழைய பந்தய சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, ஓவராயில் செய்து, தம் விருப்பத்துக்கு மாற்றி ஓட்டுகிறவர்களிடம் பெஜோ பி.எக்ஸ்-10 என்ற பெயரைச் சொன்னால் சிலருக்கு முகம் மலரும். சிலர் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். இரு தரப்பாரும் சொல்வது உண்மைதான். இந்த வண்டியின் ஃபிரேம், கிராங்க், பிரேக் ஆகிய மூன்றும் இன்றைக்கும் மெச்சத்தக்கவை. கியர் மாற்றியும், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மும் அப்படியல்ல. அவற்றைக் கழற்றிவிட்டு வேறு பூட்ட மனம் உள்ளவருக்கு இது அருமையான வண்டி; தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே எல்லாம் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் அதை ஓட்டுவதைவிடச் சுவரில் மாட்டி வைப்பதே மேல்.

காபிக் கொட்டை அரைக்கும் கைஇயந்திரமும் ரம்பமும் செய்துவந்த பெஜோ குடும்பத்தார் 1882இல் சைக்கிள் தயாரிப்பில் இறங்கினார்கள். அவர்களுடைய விலைப்பட்டியலில் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் பந்தயப் பிரிவின் முகப்பில் நின்றது பி.எக்ஸ்-10. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1966, 1967 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மிலான்-சான் ரெமோ பந்தயத்தை வென்றது பெஜோ அணியில் இருந்தபோதுதான். பெர்னார் தெவெனே 1975, 1977ஆம் ஆண்டுகளில் டூர் டி பிரான்சை வென்றதும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சட்டை அணிந்த அதே அணியின் வீரராகத்தான். அந்தச் சட்டையைத் தொலைக்காட்சியில் பார்த்து ஆசைப்பட்ட இளைஞர்கள் கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்கக்கூடியதாக இருந்தது இந்த வண்டி. அதனால் நிறைய விற்றது; நிறைய விற்றதால் இன்றும் பிரான்சின் பழம்பொருள் சந்தைகளில் கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது அப்படி ஒன்றுதான்: 1970களின் தொடக்கத்தில் வந்தது, வெள்ளை நிறம், குழாய்களை இணைக்கும் லக்குகளுக்கு மட்டும் கறுப்புப் பூச்சு.

ஃபிரேமைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொடுக்கிற பணம் அதற்குத்தான். குழாய்கள் ரெனால்ட்ஸ் 531. 1935இல் அறிமுகமான இந்த மாங்கனீசு-மாலிப்டினம் எஃகுக் குழாய், லக்குக்குள் நுழைந்து பற்றவைக்கப்படும் ஓரங்களில் தடிப்பாகவும், வலு அவ்வளவாகத் தேவைப்படாத நடுப்பகுதியில் மெல்லியதாகவும் இழுக்கப்பட்டது. விரல் நுனியால் பார் குழாயின் நடுவில் தட்டி, பிறகு ஓரத்தில் தட்டிப் பார்த்தால் ஓசை வேறுபடுவது காதுக்கே தெரியும். ரெனால்ட்ஸ் அப்போது இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. அதே குழுமம் முருகப்பா குடும்பத்தாரோடு கூட்டுச் சேர்ந்து 1949இல் தொடங்கியதுதான் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். நம் ஊர் ஹெர்குலிஸுக்கும் இந்த வெள்ளைப் பந்தய வண்டிக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு உண்டு. உறவு பெயரளவில்தான், குழாயின் தரத்தில் ஒப்பிட இடமில்லை.

குழாய்கள் சேரும் இடங்களில் வளைவு வளைவாகக் கொடிபோல் வெட்டிய நெர்வெக்ஸ் லக்குகள் போடப்பட்டிருக்கின்றன. அவற்றை உற்றுப் பார்த்தால் இதைச் செய்தது கலைக்கூடமல்ல, தொழிற்சாலை என்பதும் தெரிந்துவிடும். என் வண்டியின் தலைக்குழாய்க்கு அடியில் பித்தளை சற்று வழிந்து உறைந்திருக்கிறது. அதை அரம் போட்டுத் தேய்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. அதே காலத்து இத்தாலியக் கைவினைஞர்களின் ஃபிரேமை அருகில் வைத்தால் இந்த அவசரம் பளிச்சென்று தெரியும். வண்டியின் ஓட்டத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. பெயிண்ட் மெல்லியது, எளிதில் உதிரும். எழுத்துகளும் சின்னங்களும் நகம் பட்டாலே பெயர்ந்து வரும். ஆகவே மிதமான சோப்பு நீரில் நனைத்த மென்துணிக்கு மேல் வேறெதையும் அவற்றின்மீது படவிடக் கூடாது. ஃபோர்க்கின் கீழ்ப்பாதியிலும் பின்பக்கக் குழாய்களின் நுனியிலும் உள்ள குரோமில் துரு புள்ளி புள்ளியாக இருந்தால், அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். புதிதாகப் பெயிண்ட் அடிப்பதை நான் ஆதரிக்கவில்லை. வண்டியின் வயது தெரிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறுவிற்பனையிலும் உதிர்ந்த பழைய பெயிண்டுக்கே மதிப்பு அதிகம்.

வாங்கும்போது ஏமாற வாய்ப்புள்ள இடம் ஒன்று உண்டு. பெஜோவின் யு.ஓ-8 என்ற மலிவான மாடலும் தூரத்திலிருந்து பார்க்க இப்படியேதான் இருக்கும். அதே மாஃபாக் பிரேக், அதே சிம்ப்லெக்ஸ் கியர். விற்பவர்களில் சிலர் தெரியாமலும் சிலர் தெரிந்தேயும் அதை இதன் பெயரில் விற்கிறார்கள். ரெனால்ட்ஸ் ஒட்டுச்சின்னத்தை நம்பிவிடக் கூடாது, அதைத் தனியாக வாங்கி ஒட்டலாம். கிராங்கைப் பார்க்க வேண்டும். யு.ஓ-8இல் நம் ஊர் வண்டிகளில் இருப்பதுபோல் காட்டர் பின் அடித்த எஃகு கிராங்க் இருக்கும்; பி.எக்ஸ்-10இல் இருப்பது ஐந்து கை கொண்ட ஸ்ட்ராங்லைட் அலுமினிய கிராங்க். கிராங்கையும் மாற்றியிருந்தால் வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்க்கலாம். ஏறத்தாழ 10 கிலோ இருக்க வேண்டிய வண்டி தோளை இழுத்தால் சந்தேகப்படலாம்.

இனித் தலைவலிக்கு வருவோம். பிரான்ஸ் அந்நாளில் தனக்கென ஓர் அளவு முறை வைத்திருந்தது. கிராங்க் அச்சைத் தாங்கும் பி.பி. கப் 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை; ஆங்கில முறையில் அது சுமார் 34.8 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. வித்தியாசம் மயிரிழைதான், அதுவே ஆபத்து. ஆங்கில அளவுக் கப்பைப் பிரெஞ்சு ஃபிரேமில் வைத்துத் திருகினால் முதல் சில சுற்றுகள் சமர்த்தாக உள்ளே போகும், அப்புறம் இறுகும், பெரிய ஸ்பேனர் போட்டு அழுத்தினால் இன்னும் போகும், மரையை அழித்துக்கொண்டு போகும். என் வண்டியை எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எங்கோ ஒரு கடையில் விட்டிருக்கிறார். அந்தக் கடைக்காரர் இடப்பக்கத்தில் செய்து வைத்த வேலை இதுதான். மரையைப் புதுப்பித்துச் சீராக்கப் பிரெஞ்சு அளவுக் கருவி வைத்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

வலப்பக்கக் கப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆங்கில முறையில் அது இடமரை. பிரெஞ்சு முறையில் இரண்டு பக்கமும் வலமரையே. பழக்கதோஷத்தில் ஆங்கில வண்டிபோல் எதிர்ப்பக்கம் திருகுகிறவர், கழற்றுவதாக நினைத்துக்கொண்டு முழுப் பலத்தையும் போட்டு இறுக்கிக்கொண்டிருப்பார். கிராங்கைக் கழற்றும் கருவியும் வேறு: இன்றைய பொது அளவு 22 மி.மீ., பழைய ஸ்ட்ராங்லைட்டுக்கு 23.35 மி.மீ. வேண்டும். சரியான கருவி கையில் இல்லாமல் கிராங்கைத் தொடவே கூடாது, ஏனென்றால் அலுமினிய மரை ஒருமுறை போனால் போனதுதான். பெடல் மரை 14 மி.மீ., ஸ்டெம் தண்டு 22.0 மி.மீ., கீழ்க்குழாய் 28 மி.மீ. ஆங்கில வண்டிகளில் ஸ்டெம் 22.2 மி.மீ., குழாய் 28.6 மி.மீ. என்பதால், வேறு வண்டியின் ஸ்டெம் இதற்குள் நுழையாது, வேறு வண்டியின் கியர் லிவர் பட்டை இதில் கவ்வாது. ஃப்ரீவீல் மரையும் தனி அளவுதான். இவ்வளவு படித்ததும் மனம் தளர வேண்டியதில்லை. பிரெஞ்சு அளவுப் பாகங்களைப் புதிதாகச் செய்து விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வெர்னியர் காலிப்பரால் அளந்து வாங்கினால் போதும்.

கியர் மாற்றியைப் பற்றி எனக்குச் சமாதானமே இல்லை. டிஜோன் நகரத்துச் சிம்ப்லெக்ஸ் நிறுவனம் 1960களில் எஃகையும் அலுமினியத்தையும் விட்டு டெல்ரின் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறியது. எடை குறைந்தது, எண்ணெய் இல்லாமலே வழுக்கியது, புதிதாக இருந்த காலத்தில் நன்றாகவே வேலை செய்தது. ஐம்பது ஆண்டு வெயிலும் குளிரும் பட்டபின் அந்தப் பிளாஸ்டிக் நொறுங்குகிறது. போல்ட் ஏறும் இடத்தில் கீறல் விழுவது இந்த மாடலில் யாரும் அறிந்த நோய். முன்பக்கக் கியர் மாற்றி இன்னும் மோசம். செயினைத் தள்ளும்போது அதன் பட்டை விரிந்து பிளந்துவிடும். இதற்கு மாற்றாக நான் பூட்டியிருப்பது ஜப்பானிய சன்டூர். சாய்ந்த இணைகர அமைப்பை 1964இல் கொண்டுவந்த நிறுவனம் அது. கியர் மாற்றியின் மேல்சக்கரம் ஃப்ரீவீலின் பற்களை ஒட்டியே மேலும் கீழும் நகர்வதால் மாற்றம் சட்டென்று நிகழும். அந்தக் காப்புரிமை 1984இல் முடிந்தபின் மற்றப் பெரிய நிறுவனங்கள் எல்லாம் அதே வழிக்கு வந்துவிட்டன என்பதே அதன் தரத்துக்குச் சான்று. ஒரு வேலை மட்டும் கூடுதல்: சிம்ப்லெக்ஸுக்கென்று செய்த, பின்சக்கர அச்சு உட்காரும் கொக்கியில் உள்ள துளையில் மரை இருக்காது, 10 மி.மீ. மரை போட்டால்தான் வேறு எதுவும் ஏறும். பழைமைவாதிகள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள்.

ஆனால் அதே சிம்ப்லெக்ஸ் செய்த, உள்ளே சுருள்வில் வைத்த லிவர்கள் கிடைத்தால் விடக் கூடாது. மற்ற லிவர்கள் வெறும் இறுக்கத்தால் கம்பியைப் பிடித்து வைப்பவை. இறுக்கினால் விரல் வலிக்கும், தளர்த்தினால் கியர் தானே நழுவும். இதில் அந்தத் தொல்லை இல்லை. வேறு எல்லாப் பாகமும் இத்தாலிய நிறுவனமான காம்பாக்னோலோவுடையதாக இருந்த வண்டிகளிலும் பந்தய வீரர்கள் இந்த லிவரை மட்டும் பூட்டிக்கொண்டதற்குக் காரணம் அதுவே.

பிரேக், கிளெர்மோன்-ஃபெர்ரான் நகரத்து மாஃபாக் ரேசர். நடுவில் கம்பி இழுக்கும் வகை. பிடி நன்றாக இருக்கிறது, ஆனால் கத்தும். கட்டையின் முன்முனை ரிம்மில் முதலில் படும்படி லேசாகத் திருப்பி வைத்து, கட்டைகளையும் கூல்-ஸ்டாப் நிறுவனத்தின் செம்மண் நிறக் கட்டைகளாக மாற்றியபின் சத்தம் பெருமளவு அடங்கியது. ஸ்டெம் விஷயத்தில் சமரசமே கூடாது. இந்த வண்டிகளில் பரவலாகக் காணப்படும் ஏ.வி.ஏ. ஸ்டெம், கீழே பிளவு விட்ட இடத்தில் வெடித்து முறிவதற்குப் பேர்போனது. பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும்.

சக்கரங்கள் ரிம்மில் பசை போட்டு ஒட்டும் டயருக்கானவை. வழியில் பஞ்சரானால் பழைய டயரைப் பிய்த்து வேறொன்றை ஒட்ட வேண்டும்; இதை ரசிப்பவர்களும் உண்டு, நான் அவர்களில் ஒருவன் அல்லன். 700சி அளவு சாதாரண ரிம்மும் இதற்கு நிகரான விட்டமே கொண்டிருப்பதால், பிரேக்கை மாற்றாமலே வேறு சக்கரங்கள் பூட்டிக்கொள்ளலாம்.

ஓட்டத்தில்தான் இந்த வண்டி தன் விலையை நியாயப்படுத்துகிறது. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே நீளம் கூடுதல், ஃபோர்க் முன்னோக்கி நன்றாக வளைந்தது. கருங்கல் பாவிய பழைய தெருவில் போகும்போது கைகளுக்கு வருவது அதிர்ச்சி அல்ல, தாலாட்டு. இறக்கத்தில் கையை லேசாக வைத்திருந்தாலே நேராகப் போகும். எழுந்து நின்று மிதித்தால் கீழ்ப்பகுதி நெளிவதை உணரலாம். வேகப் பாய்ச்சலில் இன்றைய கார்பன் வண்டியோடு இது போட்டி போடாது. ஏற்றம்தான் உண்மையான சோதனை. முன்பக்கம் 52, 45 பல் செயின் வீல்கள், பின்பக்கம் ஐந்தே பற்சக்கரங்கள். 45க்கு 23 என்ற கியரில் ஒரு மிதிக்கு நான்கு மீட்டருக்கு மேல் தள்ள வேண்டும். இன்றைய வண்டிகளின் 34க்கு 32 கியரில் அது இரண்டு மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. ஸ்ட்ராங்லைட் கிராங்கில் 40க்குச் சற்றுக் கீழே வரைதான் சிறிய செயின் வீல் பூட்ட முடியும். பின்பக்கம் 28 பல் வரை உள்ள ஃப்ரீவீல் போட்டுவிட்டால் மலைப்பாதையிலும் மூச்சு முட்டாமல் ஏறலாம்.

இத்தாலியின் கயோலே இன் கியாந்தியில் 1997 முதல் நடந்துவரும் எரோய்க்கா போன்ற பழைய சைக்கிள் ஓட்டங்களுக்குப் போக விரும்புகிறவர்கள் மாற்றங்களுக்கு அஞ்ச வேண்டியதில்லை. வண்டி 1987க்கு முந்தையதாக இருக்க வேண்டும், கியர் லிவர் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும், பிரேக் கம்பி ஹேண்டில்பாருக்கு வெளியே ஓட வேண்டும், பெடலில் கால்விரல் கூடும் வாரும் இருக்க வேண்டும் என்பவையே முக்கிய விதிகள். அந்தக் காலத்துச் சன்டூர் பூட்டிய பி.எக்ஸ்-10 இவை எல்லாவற்றிலும் தேறும்.

விலை நிலைமைக்கேற்ப மாறும். ஐரோப்பாவில் ஓட்டக்கூடிய நிலையில் உள்ளதைச் சில நூறு யூரோவுக்குப் பேசி முடிக்கலாம். பேசுமுன் மூன்று இடங்களைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தலைக்குழாய்க்குப் பின்னால் பார் குழாய்க்கும் கீழ்க்குழாய்க்கும் அடியில் பெயிண்ட் சுருங்கியிருந்தால் வண்டி எதன்மீதோ மோதியிருக்கிறது. சீட் தண்டு அசையாமல் இறுகியிருந்தால் அலுமினியமும் எஃகும் ஒன்றோடொன்று பற்றிவிட்டன என்று பொருள், அதை எடுக்கும் கூலி வண்டியின் விலையில் பாதியைத் தின்றுவிடும். பி.பி. கப்பின் விளிம்பில் ஸ்பேனர் வழுக்கிய தழும்பு இருந்தால், உள்ளே மரையின் நிலையைக் கழற்றிக் காட்டும்படி விற்பவரிடம் கேட்கலாம். அவர் தயங்கினால் அடுத்த சந்தைவரை காத்திருப்பதே நல்லது.